மருந்தாளுநரும் கிராம சபையும்: திருவள்ளூர் காசநோய்ப் பணி கற்பிக்கும் பாடம்



சபைகளிலிருந்து மருத்துவமனையைப் பார்க்க வருகிறவர்களை ஒவ்வொரு பிரிவாக அழைத்துச் சென்று காட்டுவது எங்கள் வழக்கம். பிரசவ வார்டு, அறுவை சிகிச்சைக் கூடம், பரிசோதனைக் கூடம் ஆகியவற்றை எல்லாரும் ஆவலோடு பார்ப்பார்கள். மருத்துவர்களோடும் நர்ஸ்மாரோடும் பேசுவார்கள். மருந்து கொடுக்கும் இடத்துக்கு வந்ததும், "இதுதான் பார்மசி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாங்களே அவர்களை அடுத்த இடத்துக்கு அழைத்துப் போய்விடுகிறோம். இந்தக் குறை எங்களுடையது. அதைச் சரிசெய்யும்படியாக, இம்முறை பாடக் கட்டுரைக்கு மருந்தாளுநரை எடுத்துக்கொண்டோம்.

மருத்துவர் சீட்டு எழுதுகிறார். அந்தச் சீட்டு மருந்தாக மாறி நோயாளியின் வீட்டுக்குப் போகிறதற்கு முன், கடைசியாக அவரோடு பேசுகிறவர் மருந்தாளுநர்தான். அவர் என்ன சொல்கிறார், எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதைப் பொறுத்து, ஆறு மாத மருந்தை ஒருவர் முடிக்கிறார், அல்லது இரண்டாம் மாதத்திலேயே விட்டுவிடுகிறார். இதைக் காசநோயை வைத்துப் படிப்பது எளிது. அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. காசநோயைப் பற்றி உலகம் கற்ற முக்கியமான பாடங்களில் சில சென்னையிலும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் கற்கப்பட்டவை.

1. மருந்தாளுநர் யார்?

முன்பு நம் ஊர்களில் இவரைக் கம்பவுண்டர் என்று அழைத்தோம். மருந்துகளை அளந்து கலந்து புட்டியில் ஊற்றிக் கொடுத்ததால் அந்தப் பெயர். இன்று மருந்துகள் தொழிற்சாலையிலிருந்தே மாத்திரையாகவும் மருந்துப் பட்டையாகவும் வருகின்றன. ஆகவே கலக்கும் வேலை குறைந்துவிட்டது, விளக்கும் வேலை கூடிவிட்டது.

1948-ம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு, படித்துப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு உரியது. கடையில் அவருடைய பதிவுச் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கி, மருந்தை வேறொருவர் எடுத்துக் கொடுப்பது சட்டத்துக்கு விரோதம். 2014 மார்ச் முதல் மற்றொரு விதியும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு 'எச் 1 அட்டவணை' என்று பெயர். காசநோய் மருந்துகளும் சில வலிமையான ஆண்டிபயாட்டிக்குகளும் அதில் அடங்கும். இவற்றை விற்கும்போது சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும்.

2018 மார்ச்சில் மத்திய அரசு இன்னொரு படி முன்னே போனது. காசநோய் மருந்து வாங்க வருகிறவரைப் பற்றி மருந்துக்கடையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று அரசிதழில் ஆணை வெளியிட்டது. ஆகவே சட்டத்தின் பார்வையில், மருந்துக்கடை வெறும் வியாபார ஸ்தலம் அல்ல, பொதுச் சுகாதாரத்தின் ஓர் அங்கம்.

2. நம் பகுதியின் நிலைமை

திருவள்ளூர் மாவட்டம் 1997 ஜனவரியில் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, இரும்பு உருக்காலைகள், இரசாயனத் தொழிற்சாலைகள். மறுபக்கம் நெல்வயல்கள், செங்கல் சூளைகள், பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் மீனவர் குப்பங்கள், இருளர் குடியிருப்புகள், இலங்கைத் தமிழர் முகாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கி, ஷிப்டு முறையில் வேலை செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒரு தொழிலாளிக்கு இருமல் வந்தால் அவர் எங்கே போவார் என்று யோசித்துப் பாருங்கள். பகல் ஷிப்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் அவர் ஆலைக்குள் இருக்கிறார். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போகும். இரவு வேலை முடிந்து வரும் வழியில் திறந்திருப்பது மருந்துக்கடைதான். அங்கே இருமல் மருந்து ஒரு புட்டி வாங்குகிறார். இருமல் நிற்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு புட்டி. மூன்றாம் வாரம் கடைக்காரர் இரக்கப்பட்டு ஆண்டிபயாட்டிக் மாத்திரை நாலைந்து கொடுக்கிறார். அதனால் சிறிது குணம் தெரிகிறது. அவரும் மகிழ்ந்து வேலைக்குப் போகிறார். காசநோயாக இருந்தால், இதற்குள் அது அவருடைய அறையில் தங்கியிருக்கும் மற்றவர்களின் நுரையீரலுக்குள்ளும் போயிருக்கும். சில ஆண்டிபயாட்டிக்குகள் காசநோய்க் கிருமியைச் சற்று அடக்கிவைத்து, நோயைக் கண்டுபிடிப்பதையே தாமதப்படுத்துகின்றன. கடைக்காரர் கெட்டவர் அல்ல. அவர் செய்யவேண்டியது என்ன என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

3. நம் மண்ணில் கற்ற பாடங்கள்

முற்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். மிஷன் சபைகள் சேர்ந்து நடத்திய மதனப்பள்ளி ஆரோக்கியவரத்தையும், 1928-ல் மருத்துவர் சவுரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தையும் நம் மூத்த வாசகர்கள் அறிவார்கள். நல்ல காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு என்பதே சிகிச்சை. ஆனால் படுக்கைகள் சில, நோயாளிகளோ இலட்சக்கணக்கில்.

1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் ஏற்படுத்தப்பட்டது. பின்னாளில் அதுவே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. அங்கே நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவார் சானடோரியத்தில் தங்கினார்கள். மறு பிரிவார் நெரிசலான தங்கள் சொந்த வீடுகளிலேயே இருந்து மருந்து உட்கொண்டார்கள். இரு பிரிவாருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு காலம். 1959-ல் முடிவு வெளியானபோது உலகமே வியந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் அதிகக் கேடு வரவில்லை.

இதில் ஒரு விவரத்தை நாம் கவனிக்கவேண்டும். வீட்டில் இருந்தவர்களிடம் மருந்தைக் கொடுத்துவிட்டு, போய் வாருங்கள் என்று அந்த மையத்தார் விட்டுவிடவில்லை. அறிவிக்காமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்து சாப்பிடுவதை ஒருவர் கண்காணிக்கவேண்டும் என்ற எண்ணம் பின்னாளில் உலகெங்கும் பரவியது. அதன் வேர்களில் ஒன்று சென்னையின் குறுகலான தெருக்களில் இருக்கிறது.

1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பகுதிக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றிய மாபெரும் ஆய்வு தொடங்கியது. இலட்சக்கணக்கான மக்கள் அதில் பங்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய்களுக்கு எதிராக அது உதவுவதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். ஆனால் ஓர் ஊசியால் ஊரைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை போயிற்று. நோயாளியைக் கண்டுபிடித்து, மருந்தை முழுமையாகக் கொடுத்து முடிப்பதே வழி என்று தெளிவாயிற்று.

1999-ல் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. அப்போது ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பெட்டி. அவருக்குரிய முழுச் சிகிச்சைக்கும் வேண்டிய மருந்து முதல் நாளிலேயே அதற்குள் ஒதுக்கிவைக்கப்பட்டது. அதை வேறொருவருக்குக் கொடுக்கக்கூடாது. இருப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பவேண்டிய நிலையும் வராது. இது மருந்தாளுநரின் கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்த ஞானம்.

அந்த மாவட்டத்து நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. யார் மருந்தைப் பாதியில் விட்டார்கள் என்று அதில் பார்த்தார்கள். ஆண்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், முன்பே ஒருமுறை சிகிச்சை எடுத்தவர்கள், ஒழுங்கில்லாமல் மருந்து எடுத்தவர்கள் ஆகியோர் அதிகமாக விட்டுவிட்டார்கள். 35 கிலோவுக்கும் குறைந்த எடையோடு வந்தவர்களிடையே மரணம் அதிகம். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்று புரிகிறது. இவற்றில் பலவற்றை மருந்து கொடுக்கிறவர் முதல் சந்திப்பிலேயே பார்த்தும் கேட்டும் அறிந்துகொள்ளலாம். யார்மேல் அதிகக் கவனம் வைக்கவேண்டும் என்பது அன்றே தெரிந்துவிடும்.

4. ஆறு மாத மருந்தும் ஐந்து நிமிடப் பேச்சும்

2017 முதல் நம் நாட்டில் காசநோய்க்குத் தினசரி மருந்துமுறை வந்திருக்கிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். பல மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எத்தனை மாத்திரை என்பது நோயாளியின் எடையைப் பொறுத்தது. இந்த மருந்து இலவசம். மருந்தைக் கொடுக்கும்போது மருந்தாளுநர் சொல்லவேண்டியவை பின்வருமாறு:

அ. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது ரிபாம்பிசின் மருந்தின் நிறம், பயப்படவேண்டாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

ஆ. கண் மஞ்சளானாலும், ஓயாமல் வாந்தி வந்தாலும், பசி அடியோடு நின்றாலும் உடனே மருத்துவரிடம் வரவேண்டும். ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். மது அருந்தினால் இந்த ஆபத்து அதிகம்.

இ. பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியாமல் போனாலோ சொல்லவேண்டும். கை கால் மதமதப்புக்கு ஒரு வைட்டமின் மாத்திரை உண்டு.

ஈ. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ரிபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும். வேறு வழியை மருத்துவரிடமோ நர்ஸிடமோ கேட்கவேண்டும். சர்க்கரை நோய்க்கான சில மாத்திரைகளின் பலனும் குறையும். ஆகவே சர்க்கரையை அடிக்கடி பார்க்கவேண்டும்.

உ. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, எடை கூடி, சுகமாகிவிட்டது என்று தோன்றும். கிருமி அப்போதும் உள்ளே உயிரோடு இருக்கிறது. அரைகுறையாக நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக அது திரும்ப வரலாம். அதற்கான சிகிச்சை இதைவிடக் கடினம்.

இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நீண்ட வரிசை நிற்கும்போது அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை என்பதை நாங்களே அனுபவத்தில் அறிவோம். ஒடியா அல்லது இந்தி மட்டுமே பேசும் தொழிலாளியிடம் தமிழில் சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. ஆகவே அந்த மொழி அறிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதும் மருந்து கொடுக்கும் வேலையின் ஒரு பகுதிதான்.

ஊருக்குத் திரும்பிப் போகும் தொழிலாளிக்கு இன்னொரு வார்த்தை உண்டு. நோயாளி ஒவ்வொருவருக்கும் 'நிக்‌ஷய்' எண் கொடுக்கப்படுகிறது. அந்த எண்ணோடு போனால் சொந்த ஊர் அரசு சுகாதார நிலையத்தில் மருந்தைத் தொடரலாம். நிக்‌ஷய் இலவச உதவி எண் 1800-11-6666. இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளி உரிய பணிக்கால நிபந்தனைகளைப் பூர்த்தி செய்திருந்தால், காசநோய்க்கு நீண்டகால நோய்ப்படி உண்டு. அது சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கலாம். வேலை போய்விடும் என்று நோயை மறைப்பவருக்கு இந்தச் செய்தி மருந்தைப் போலவே அவசியம்.

5. ஊராட்சிக்கு இதில் என்ன வேலை?

"மருந்து அரசாங்கத்தின் பாடு, ஊராட்சிக்குத் தெருவிளக்கும் குடிநீரும் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளின் பட்டியலில் சுகாதாரத்தையும் அது சேர்த்தது. தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் 2005-ல் தொடங்கியபின், ஊராட்சிகளில் சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக்கான கிராமக் குழு அமைக்கப்பட்டு, ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதியும் ஒதுக்கப்பட்டது.

2023 மார்ச் 24, உலகக் காசநோய் தினத்தன்று, 'காசநோய் இல்லா ஊராட்சி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அதில் சான்றிதழ் பெறச் சில அளவுகோல்கள் உண்டு. ஆண்டுக்கு 1,000 பேருக்குக் குறைந்தது 30 பேருக்குக் காசநோய்ப் பரிசோதனை நடக்கவேண்டும். 1,000 பேருக்கு ஒருவருக்கு மேல் நோய் இருக்கக்கூடாது. சிகிச்சை தொடங்கியவர்களில் 85 சதவீதமாவது வெற்றியாக முடித்திருக்கவேண்டும். நோயாளிகளுக்கு ஊட்டச்சத்து உதவி சேர்ந்திருக்கவேண்டும். முதல் ஆண்டு வெண்கலம், இரண்டாம் ஆண்டு வெள்ளி, மூன்றாம் ஆண்டு தங்க நிறத்தில் காந்தியடிகள் சிலை தருகிறார்கள்.

3,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். குறைந்தது 90 பேரைச் சோதிக்கவேண்டும். நோயாளிகள் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்தால், நோயை மறைத்துச் சான்றிதழ் வாங்கும் ஆசை வரும். முதல் எண் அதைத் தடுக்கவே வைக்கப்பட்டிருக்கிறது. தேடிப் பார்த்தபின் இல்லை என்று சொல்வது வேறு, தேடாமலே இல்லை என்று சொல்வது வேறு. அந்தத் தொண்ணூறு பேரை எங்கே கண்டுபிடிப்பது? இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு மருந்துக்கடைக்கு வருகிறவர்கள்தான் முதலில் நினைவுக்கு வரவேண்டும். "ஐயா, இது இரண்டாவது புட்டி. சளியை இலவசமாகச் சோதிக்கிறார்கள். இந்தச் சீட்டைக் கொண்டு போய்க் கொடுங்கள்" என்று சொல்ல ஒரு மருந்தாளுநர் இருந்தால் போதும்.

இதனால் அவருக்கு அந்த மருந்துப் புட்டியின் விற்பனை போகிறது. அதை நாம் மறந்துவிடக்கூடாது. கிராம சபையில் அவரை அழைத்து, அவர் செய்த வேலையைச் சொல்லி நன்றி கூறினால், நஷ்டத்தைவிடப் பெரிய மரியாதை அவருக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூட்ட 2022-ல் ஏற்பாடாயிற்று. திருவள்ளூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் வந்தது. யார் பொறுப்பில் இருந்தாலும் கிராம சபை ஊராருடையது. எழுந்து கேட்கும் உரிமை வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உண்டு.

மருந்து இருப்பைப் பற்றியும் அங்கே கேட்கலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் அமைக்கப்பட்டது. மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளிலிருந்து பாஸ்புத்தக முறையில் சுகாதார நிலையங்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. ஆனாலும் 2023, 2024-ம் ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளில் காசநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. 2024 மார்ச்சில் மாநிலங்கள் தாங்களே உள்ளூரில் வாங்கிச் சமாளிக்கும்படி மத்திய அரசு எழுதவேண்டியதாயிற்று. இருப்பு குறைவதை முதலில் அறிகிறவர் சுகாதார நிலைய மருந்தாளுநர். அவர் சொல்வதைக் கேட்க ஊரில் ஒரு மன்றம் இருந்தால், மருந்து தீர்ந்த பிறகு அல்ல, தீரும் முன்னரே சத்தம் எழும்.

ஒரு எச்சரிக்கை. கிராம சபையில் எண்ணிக்கையைப் பேசலாம், பெயரைப் பேசக்கூடாது. "கிழக்குத் தெருவில் இன்னாருக்கு" என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால், அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகலாம், வாடகை வீடு பறிபோகலாம். அதன்பின் யாரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். இரகசியம் காப்பது மருந்தாளுநரின் கடமை, ஊராட்சியின் கடமை, நம் சபையாரின் கடமையும்கூட.

6. உணவும் மருந்தே

ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023-ல் வெளியானது. நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் கொடுத்தபோது, அவர்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாயிற்று. அது வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கு எண் தவறினாலோ, கணக்கே இல்லாவிட்டாலோ பணம் நின்றுவிடும். மாதந்தோறும் மருந்துக்கு வருகிறவரிடம் "பணம் வந்ததா?" என்று கேட்கவும், எடையைப் பார்த்துக் குறிக்கவும் மருந்தாளுநரைவிட வசதியானவர் யார்?

பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் கலந்து பேசச் சில கேள்விகள்:

1. உங்கள் தெரு மருந்துக்கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் கடை நேரத்தில் இருக்கிறாரா? அவர் பெயரை அறிவீர்களா?

2. உங்கள் வீட்டில் கடைசியாக ஆண்டிபயாட்டிக் வாங்கியது மருத்துவர் சீட்டோடா, சீட்டில்லாமலா? முழுவதும் சாப்பிட்டு முடித்தீர்களா?

3. இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் ஒருவர் உங்கள் தெருவில், உங்கள் வீட்டு வேலையில், உங்கள் ஆலையில் இருக்கிறாரா? அவரைக் கூச்சப்படுத்தாமல் பரிசோதனைக்கு அழைத்துப் போவது எப்படி?

4. அடுத்த கிராம சபையில் சுகாதார நிலைய மருந்து இருப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதானால், அதை எப்படிக் கேட்பீர்கள்?

5. வெளிமாநிலத் தொழிலாளரின் மொழி தெரிந்தவர் உங்கள் கூட்டத்தில் உண்டா? மாதம் ஒரு மணி நேரம் அவரால் கொடுக்கமுடியுமா?

இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது எடுத்துச் செய்துபார்த்து, நடந்ததை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த முறை எங்களைப் பார்க்க வரும்போது, மருந்து கொடுக்கும் இடத்தில் உங்களைச் சற்று நேரம் நிற்கவைப்போம். அங்கே நடக்கும் பேச்சைக் கேளுங்கள். யாராவது ஒரு நோயாளி, "அப்படியானால் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படவேண்டாமா?" என்று திருப்பிக் கேட்டு, சிரித்துக்கொண்டே மாத்திரையைப் பையில் போடுவதைப் பார்ப்பீர்கள். அப்படிக் கேட்டுத் தெளிந்து போகிறவர் ஆறாவது மாதம் வரை வருவார் என்று நாங்கள் நம்பிக்கையோடு காத்திருக்கிறோம்.